கதவருகே ஒரு ஜோடி செருப்பு

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தை ஒட்டி சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருக்கும் சின்னதுரைக்கு இடது கண் பார்வை கிடையாது. அது எப்படிப் போயிற்று என்பது அங்கே வண்டி விடுகிற எல்லோருக்கும் தெரியும். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். இப்போது மூடிக்கிடக்கிற ஓர் இரும்பு ஆலையில் உலைக்கு உதவியாளாக இருந்தவர் அவர். ஒருநாள் உலையைச் சுற்றி ஓடும் குளிர்தண்ணீர் நின்றுபோனது. கண்ணாடி அறைக்குள் இருந்த மீட்டரின் முள் மட்டும் சிக்கிக்கொண்டு, எல்லாம் சரி என்ற இடத்திலேயே நின்றது. குழாய் வெடித்து ஆவி முகத்தில் அடித்தது.

"ரூம்ல ஒருத்தன் குந்திக்கினுதான் இருந்தான். கைக்கு எட்டுற தூரத்துல போனு. இன்னாடா முள்ளு ஆடாம நிக்குதேன்னு ஒரு தபா கூப்ட்டு கேட்டிருந்தான்னா என் கண்ணு என்கிட்டயே இருந்திருக்கும்" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். சென்னை வண்டி இன்று லேட்டு என்று சொல்வதும் இதைச் சொல்வதும் அவருக்கு ஒரே குரல்தான்.

நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி அல்ல, அவர் மகள் சாராளைப் பற்றி. ஆனால் அந்தக் கண்ணை விட்டுவிட்டு அவளைப் பற்றிச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

அவள் தாத்தா தலைமுறை வரை அவர்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். சின்னதுரைதான் முதலில் ஆலை வாசலை மிதித்தவர். சாராள் பொன்னேரி பஸ்ஸில் நின்றபடியே போய்வந்து கம்ப்யூட்டர் படிப்பை முடித்தாள். இரண்டாயிரத்து எட்டு வாக்கில், நான் வேலை பார்க்கும் இரும்பு ஆலைக்குச் சென்னையிலிருந்து ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தது. அதைச் சோதித்துப் பார்க்கும் ஆளாக அவளை எடுத்து, உள்ளூர்ப் பெண்தானே என்று எங்கள் ஆலையிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். நான் டெஸ்பாட்ச்சில் இருக்கிறேன். லாரிகளில் கம்பி ஏற்றி அனுப்புவது என் வேலை. எனக்கும் கம்ப்யூட்டருக்கும் ரொம்ப தூரம். அவள் சொல்லிப் புரிந்ததைத்தான் சொல்கிறேன்.

உலை என்பது பெரிய பானை. அதைச் சுற்றிச் செம்புக்குழாய் சுருள் சுருளாக ஓடுகிறது. சுருளில் மின்சாரம் போனால் பானைக்குள் இரும்பு உருகும். அதே சுருளுக்குள் தண்ணீரும் ஓட வேண்டும்; இல்லையென்றால் சுருளே உருகிவிடும். அந்தத் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை யார்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கன்ட்ரோல் ரூமில் ஒரு திரை காட்டும். சூடு ஏறினால் மணி அடிக்கும். காட்டுவதும் அடிப்பதும் ஒரே புரோகிராம். ஆகவே புரோகிராம் தூங்கிவிட்டால் மணியும் தூங்கிவிடும். சூடு ஏறினால் தானாகவே மின்சாரத்தை வெட்ட ஒரு ரிலேயும் உண்டு. அது சும்மா சும்மா வெட்டித் தொல்லை கொடுக்கிறது என்று எங்கள் ஆட்கள் அதைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். நம் ஆட்களின் கெட்டிக்காரத்தனம் எப்போதும் இந்த மாதிரி இடத்தில்தான் வேலை செய்யும்.

சாராளின் வேலை அந்தப் புரோகிராமைக் கெடுப்பது. "கெடுக்கறதுக்குன்னு ஒரு உத்தியோகமா" என்று கேன்டீனில் கேலி செய்யாதவர் கிடையாது. புரோகிராமை நிறுத்தக்கூடாது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடுகிறபோதே வெளியிலிருந்து நாலைந்து வரிகளை எழுதி அதற்குள் நுழைத்துவிடுவாள். 'இந்த இடத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் சும்மா நில்' என்று ஒரு வரி இருக்கும். 'கேபிள் அறுந்துபோனதாக நினைத்துக்கொள்' என்று இன்னொன்று. வேலை முடிந்ததும் அந்த வரிகளை உருவிவிடுவாள். புரோகிராம் பழையபடி ஓடும், தனக்கு என்ன நடந்தது என்று அதற்கே தெரியாது. நடந்துபோகிறவன் சட்டைப்பையில் அவனுக்குத் தெரியாமல் ஒரு கல்லைப் போட்டு, எப்படி நடக்கிறான் என்று பார்த்துவிட்டு, பிறகு எடுத்துவிடுவதுபோல என்று எனக்கு விளக்கினாள்.

புரோகிராம் தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் கம்பெனி அவளுக்குச் சொன்ன வேலை. அவள் பார்க்க நினைத்தது வேறு. திரை உறைந்து நின்றால், திரைக்கு முன்னால் இருக்கிற மனிதர் போனை எடுத்து உலை மேடைக்குக் கூப்பிட்டுக் கேட்கிறாரா? மேடையில் தூணில் ஒரு போன் தொங்குகிறது. அதற்குப் பின்னால் பழைய பாணியில் முள்வைத்த மீட்டர் ஒன்றும் இருக்கிறது. யாராவது கூப்பிட்டால் அங்கே இருப்பவர் முள்ளைப் பார்த்துச் சொல்லலாம். அவ்வளவுதான் விஷயம். இதற்காகவே அவள் எங்கள் ஆலை மேலாளர் ஜெரால்ட் சாரிடம் மன்றாடி, கன்ட்ரோல் ரூமுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் சோதனை வைக்க அனுமதி வாங்கினாள். சொல்லிவிட்டு வைத்தால் எல்லோரும் உத்தமர்களாக நடந்துகொள்வார்கள் அல்லவா. ஆனால் மேடைக்குச் சொல்லிவிடுவாள். சோதனை நடக்கும்போது மீட்டர் பக்கத்தில் கட்டாயம் ஒருவர் நிற்பார். அதில் அவள் ரொம்பக் கறார்.

பகல் ஷிப்டில் திரைக்கு முன்னால் உட்காருபவர் யேசுதாஸ். நல்ல மனிதர், பொறுமைசாலி, ஆலை தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். அவள் முதல்முறை திரையை உறைய வைத்தபோது பதறிப்போய் உடனே போனை எடுத்தார். சாராளுக்கு அன்று முழுக்க வாயெல்லாம் பல். அடுத்தடுத்த தடவைகளில் கொஞ்சம் தாமதித்து எடுத்தார். அப்புறம் ஒரு வாய் டீ குடித்துவிட்டு எடுத்தார். ஆனால் எடுத்தார். அதுவே போதும் என்று இவளும் இருந்துவிட்டாள்.

இங்கேதான் செருப்பு வருகிறது.

கன்ட்ரோல் ரூமுக்குள் இன்னொரு சின்ன அறை உண்டு. கம்ப்யூட்டர் பெட்டிகள் இருக்கிற அறை. ஏசி, தரையில் கம்பளம். அந்த அறைக்குள் யாரும் செருப்போடு போக முடியாது. தூசி போனால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்பார்கள். தூசிக்காக மட்டும்தானா என்பது எனக்குச் சந்தேகம். ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற ஊர் இது. சாராள் திரையைக் கெடுப்பது அந்த அறைக்குள் உட்கார்ந்துதான். உள்ளே போகும்போது கதவுக்கு வெளியே செருப்பை விடுவாள். பழுப்பு நிறத் தோல், கட்டைவிரலுக்கு ஒரு வளையம், மேலே சிவப்பில் ஒரு பூ. யேசுதாஸின் நாற்காலியிலிருந்து பார்த்தால் அந்தச் சிவப்புப் பூ நேராகத் தெரியும்.

திரை நின்றால் முதலில் கதவுப் பக்கம் பார்ப்பது அவருக்கு எப்போது பழக்கமாயிற்று என்று அவருக்கே தெரியாது. செருப்பு கிடந்தால் சாராள் உள்ளே இருக்கிறாள். சாராள் உள்ளே இருந்தால் இது சோதனை. சோதனை என்றால் ஆபத்து ஒன்றுமில்லை. செருப்பு இல்லாமல் திரை நின்றால்தான் விஷயம். மற்ற ஷிப்டு ஆட்களுக்கும் அவர் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒரு சோதனையிலும் தவறாமல் போனை எடுத்துக் கேட்டது, அந்தப் பெண்ணுக்கு நல்ல பெயர் கிடைக்கட்டும் என்றுதான். அக்கறையெல்லாம் அவள்மேல்தான், தண்ணீர்மேல் இல்லை. இது சாராளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். எனக்கும்கூடக் காதில் விழுந்திருந்தது, சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

சம்பவம் நடந்த நாளில் சோதனை எதுவும் இல்லை. சாராள் காலையில் வந்து அந்த அறைக்குள் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் ஒரு கேபிள் சரியில்லையோ என்று சந்தேகம் வந்தது, நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று எழுந்தாள். யார்டுக்குள் போக இரும்பு மூக்குவைத்த ஷூ போட்டே ஆகவேண்டும்; கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அதில் விட்டுக்கொடுக்க மாட்டான். ஷூ வெளி வாசல் அலமாரியில் இருக்கிறது. ஆகவே அறையை விட்டு வந்தவள் வெறுங்காலோடு வாசல் வரை நடந்து, ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். செருப்பு அதன் இடத்தில் கிடந்தது. எத்தனையோ முறை அப்படித்தான் போயிருக்கிறாள்.

யேசுதாஸ் அப்போது கேன்டீனில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தவர், அவர் திரும்பி வந்ததும் எழுந்து போய்விட்டார். பெண் வெளியே போயிருக்கிறாள் என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? யேசுதாஸ் உட்கார்ந்து பார்த்தபோது திரையில் எண்கள் அசையவில்லை. கதவைப் பார்த்தார். சிவப்புப் பூ தெரிந்தது. செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். இப்போதே போன் செய்தால் அவசரப்படுவதுபோல் இருக்கும், ஒரு பக்கம் படித்துவிட்டுச் செய்யலாம் என்று இருந்தாராம். பின்னால் விசாரணையில் அவரே இதைச் சொன்னார்.

மேடையில் பரசுராமன் உலைக்குள் பழைய இரும்பைத் தள்ளிக்கொண்டிருந்தார். கீழே முத்தம்மாவும் மற்றப் பெண்களும் இரும்புத் துண்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாராள் கேபிளைத் தேடித் தூணுக்குப் பின்னால் போனாள். மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது.

முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை என்று சொன்னாள். இந்நேரம் திரையிலும் காட்டியிருக்கும், இதோ போன் அடிக்கப்போகிறது என்று தூணில் தொங்குகிற போனையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். அது அடிக்கவில்லை. முள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. இவளே எடுத்து அடித்தாள்.

"கன்ட்ரோல் ரூம்."

"மேடைல தண்ணி சூடு ஏறிக்கினு போவுது. ஸ்கிரீன்ல இன்னா காட்டுது?"

உலைச் சத்தத்தில் குரல் யாருடையது என்று புரியவில்லை. பெண் குரல் என்பது மட்டும் புரிந்தது. மேடைப் பக்கம் பெண் என்றால் முத்தம்மாதான் என்று யேசுதாஸ் எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணும் ஆவல முத்தம்மா. நம்ம சாராள் பொண்ணு உள்ள குந்திக்கினு ஸ்கிரீன நிறுத்தி வெச்சிக்கீது. டெஸ்ட்டு. செருப்பு வெளியதான் கீது. நீ போயி வேலைய பாரு."

"அண்ணே, நான் சாராள்தான் பேசறேன். மேடைல கீறேன்."

யேசுதாஸ் திரும்பிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"கரன்ட்ட வெட்டுங்கண்ணே."

வெட்டினார். அதற்குள் சுருளுக்குப் போகும் ரப்பர் குழாய் ஒன்று பிய்த்துக்கொண்டு கொதிதண்ணீரை வீசியது. பரசுராமன் திரும்பிய பக்கத்தில்தான் வீசியது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வெந்துபோயிற்று. சுருள் தாங்கியது. உருகிய இரும்புக்குள் தண்ணீர் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் மேடையில் நின்ற யாரைப் பற்றியும் நான் இப்போது பேசிக்கொண்டிருக்க முடியாது, சாராளையும் சேர்த்து.

பம்ப்பின் சல்லடையில் குப்பை அடைத்துக்கொண்டதால் தண்ணீர் குறைந்தது என்று பிறகு தெரிந்தது. திரை நின்ற காரணம் தனி. யாரோ ஷிப்டு ஆட்கள் பென் டிரைவில் கொண்டுவந்த சினிமாப் படங்களை அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஏற்றி இடத்தை அடைத்துவிட்டார்கள். எண்களை எழுதி வைக்க இடமில்லாமல் புரோகிராம் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றிருக்கிறது. சாராள் இத்தனை நாள் பொய்யாக நிறுத்திய அதே இடத்தில் அது நிஜமாகவே நின்றது. படம் யாருடையது என்று கடைசிவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று அவளோடு வீட்டுக்குப் போன முத்தம்மா எனக்குச் சொன்னது இது. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு சின்னதுரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"போன யாரு பண்ணது?"

"நான்தான் நைனா."

"ரூம்லேர்ந்து வரலியா?"

"வரல."

அவர் தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். சாராள் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள்.

விசாரணையில் ஜெரால்ட் சார் ரிலேயின் கட்டை அவிழ்க்கச் சொன்னார். பென் டிரைவுக்குத் தடை போட்டார். சோதனையையும் நிறுத்தச் சொன்னார். "உன் விளையாட்டாலதான்மா அவங்க ஏமாந்தாங்க" என்றார். செருப்பை உள்ளேயே எடுத்துப் போயிருக்க வேண்டும் என்றுகூட ஒருவர் சொன்னார். அதே அறைக்குள் செருப்பு போகக்கூடாது என்று போர்டு எழுதி மாட்டியவர் அவர்தான்.

சாராளுக்குக் கோபம் வந்தது. அவள் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். யேசுதாஸ்மேல் கொஞ்சம், தன்மேல் நிறைய. போன் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு செருப்பைப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு சோதனையும் அந்தப் பாடத்தைத்தான் நன்றாகப் பதிய வைத்திருக்கிறது. இதை அவள் ஜெரால்ட் சாரிடம் அப்படியே சொன்னாள். "இப்போ நிறுத்திட்டா சார், இனிமே ஸ்கிரீன் நின்னா கதவ பாப்பாங்க, செருப்பு இல்லன்னு போன் பண்ணுவாங்க. எனக்கு அது வேணாம். செருப்பு இருந்தாலும் பண்ணணும். எனக்கு ஒரு வாய்ப்பு குடுங்க." அவர் யோசித்துவிட்டு, பரசுராமன் தேறி வேலைக்குத் திரும்பிய பிறகு பார்க்கலாம் என்றார்.

பரசுராமன் திரும்பினார். கை சுருங்கிப் பளபளவென்று இருந்தது, ஆனால் மடங்கியது. ஜெரால்ட் சாரும் சோதனைக்குச் சரி என்றார். அந்த வாரமே சாராள் ஸ்டேஷன் ரோடு நடைபாதைக் கடையில் இன்னொரு ஜோடி செருப்பு வாங்கினாள். அதே பழுப்பு, அதே வளையம், அதே சிவப்புப் பூ. அதைக் கொண்டுபோய் அந்தக் கதவுக்கு வெளியே வைத்தாள். அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அவள் உள்ளே இருந்தாலும், யார்டில் இருந்தாலும், வேலைக்கே வராவிட்டாலும், கதவருகே ஒரு ஜோடி கிடக்கும். காலில் போட்டு வருவதை ஒரு பையில் வைத்துக்கொண்டு எங்கேயோ மறைத்துவிடுவாள். கூட்டிப் பெருக்க வருபவரிடமும் சொல்லி வைத்துவிட்டாள், தூசி தட்டலாம், எடுக்கக்கூடாது.

யேசுதாஸிடம் அவள் எதையும் விளக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அவள் வீட்டுக்குப் போன பிறகும் செருப்பு அங்கேயே கிடப்பதைப் பார்த்த மாலையில் அவர் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். கொஞ்ச நாள் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒருநாள், ஒரு லாரி விஷயமாக நான் கன்ட்ரோல் ரூமில் நின்றிருந்தேன். யேசுதாஸ் என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார். எண்கள் அசையவில்லை. அவர் கண் தன் வழக்கப்படி கதவுக்குப் போயிற்று. செருப்பு இருந்தது. அதன்மேல் லேசாகத் தூசி படிந்திருந்தது. டீ டம்ளர் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தார். மேடையில் பரசுராமன் எடுத்திருக்க வேண்டும். அவர் கத்திப் பேசுகிறவர், எனக்கே கேட்டது.

"இன்னாண்ணே, சாராள் உள்ள இல்லியா?"

"செருப்பு கீது. ஆளு கீதா இல்லியான்னு எனக்குத் தெரியல. நீ முள்ள பாத்து சொல்லு."

அவர் பார்த்துச் சொல்லும்வரை யேசுதாஸ் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வைத்த பிறகுதான் என் பக்கம் திரும்பி லாரியைப் பற்றிப் பேசினார்.

கொஞ்ச நேரத்தில் எண்கள் ஓடத் தொடங்கின. கதவு திறந்து சாராள் வந்தாள், வெறுங்காலோடு. கண் சிவந்திருந்தது. எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் செருப்பைத் தாண்டி வாசலுக்குப் போனாள்.

சாயங்காலம் ஸ்டாண்டில் என் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தபோது அவளும் வந்தாள்.

"நைனா, இன்னிக்கி ரூம்லேர்ந்து போன் பண்ணாங்க."

சின்னதுரை ஒரு சைக்கிளின் ஸ்டாண்டை மிதித்துக்கொண்டிருந்தார். காலை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"அவங்களாவா?"

"அவங்களாத்தான்."

"யாரு எடுத்தது?"

"பரசுராமண்ணன்."

"அவன் கண்ணு, கையி எல்லாம் நல்லா கீதில்ல?"

"நல்லா கீது நைனா."

அவர் தலையை ஆட்டினார். அப்புறம் அந்தச் சைக்கிளை வரிசையில் தள்ளிவிட்டு, என்னிடம் டோக்கனுக்குக் கை நீட்டினார். கண் போன கதையை அன்று அவர் யாருக்கும் சொல்லவில்லை.